ஹோஷ்ருபா: ஒரு புனைபேரரசின் பெயர்களும் அவற்றை மொழிபெயர்த்தலும்

உருது உரைநடையின் மிகப் பெரிய ஆக்கமாகிய அமீர் ஹம்ஸா தாஸ்தான், லக்னோ நகரத்து நவல் கிஷோர் அச்சகத்தாரால் 46 பெருந்தொகுதிகளாக வெளியிடப்பெற்றது. அத்தொகுதிகளுள் வாசகர் பெரிதும் விரும்பியதும், திறனாய்வாளர் மிகுதியாக ஆராய்ந்ததும் 'திலிஸ்ம்-இ-ஹோஷ்ருபா' என்னும் பகுதியாகும். இது 1883இல் வெளிவரத் தொடங்கி, அடுத்த பத்தாண்டுக் காலத்தில் நிறைவுற்றது. முதல் நான்கு தொகுதிகளை முகம்மது ஹுசைன் ஜாஹும், எஞ்சியவற்றை அகமது ஹுசைன் கமரும் எழுதினர். பாரசீக மூலம் ஒன்றிலிருந்து பெயர்க்கப்பட்டது எனத் தாஸ்தான் தன்னைப் பற்றித் தானே கூறிக்கொள்வதுண்டு. அது கதைசொல்லிகளின் வழக்கமான பாவனை. ஹோஷ்ருபா என்னும் நாடு பாரசீக ஹம்ஸா கதையில் இல்லை. அது லக்னோ கதைசொல்லிகளின் கற்பனையிற் பிறந்தது. மீர் அகமது அலி என்னும் கதைசொல்லியே அதன் முதல் ஆசிரியர் என்பது ஆய்வாளர் கருத்து. எனவே இந்திய மண்ணில், இந்திய மொழி ஒன்றில், முழுமையாகப் புனையப்பட்ட ஒரு மாயப் பேரரசு என இதனைக் கொள்வதில் தடையில்லை.

இப்பேரரசு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கதைப்பின்னல், வாய்மொழிக் கூறுகள், லக்னோ வாழ்க்கையின் பிரதிபலிப்பு ஆகியவற்றையே நோக்கியுள்ளன. கலீமுத்தீன் அகமது, கியான் சந்த் ஜெயின், ஷம்சுர் ரஹ்மான் பாரூக்கி ஆகியோரின் ஆய்வுகளும், ஆங்கிலத்தில் பிரான்சிஸ் பிரிட்செட்டின் ஆய்வும் இவ்வகையில் அடிப்படையானவை. பெயரிடுமுறை பற்றிய செய்திகள் அவற்றில் ஆங்காங்கே காணப்படினும், மொழிபெயர்ப்பாளர் நோக்கில் அது தனியே எடுத்துப் பேசப்பட வேண்டிய ஒன்று. ஹோஷ்ருபாவில் பெயர் வெறும் அடையாளம் அன்று. ஓர் ஊரின் பெயர் அவ்வூரின் இயல்பைச் சொல்லிவிடுகிறது. ஒரு மந்திரக்காரியின் பெயரே அவளது படைக்கலம். இப்பெயர்களை ஒலியளவில் மட்டும் பெயர்த்தால் நாட்டின் பாதி அழிகிறது. பொருளளவில் மட்டும் பெயர்த்தாலோ வேறொரு பாதி அழிகிறது.

முதற்கண் நூலின் பெயரையே நோக்கலாம். 'திலிஸ்ம்' என்பது கிரேக்கத்தின் 'தெலெஸ்மா' அரபி வழியாகப் பாரசீகத்திற்கும் உருதுவிற்கும் வந்து சேர்ந்த வடிவம். ஆங்கிலத்தில் மந்திரக் காப்புப் பொருளைக் குறிக்கும் 'டாலிஸ்மன்' என்பதும் இதே வேரினது. பொருளைக் குறித்த சொல் தாஸ்தானில் இடத்தைக் குறிப்பதாயிற்று. மந்திரத்தால் கட்டப்பட்டு, நுழைந்தவர் வெளியேற இயலாத நிலப்பரப்பு திலிஸ்ம் எனப்பட்டது. அகராதியை மட்டும் நம்பிப் பெயர்ப்பவர் 'தாயத்து' என எழுத நேரிடும். அச்சொல்லும் அரபி மூலமுடையதே எனினும், கழுத்தில் அணியும் அளவினதான ஒரு பொருளை ஒரு பேரரசின் பெயராக்குவது நகைப்பிற்கு இடமாகும். 'மாயநாடு' என்பது பொருந்துவதுபோல் தோன்றும். ஆயினும் திலிஸ்ம் என்பதற்குள் 'கட்டப்பட்டது' என்னும் கருத்தும், 'ஒருநாள் உடைக்கப்பட வேண்டியது' என்னும் கருத்தும் உண்டு. ஒவ்வொரு திலிஸ்முக்கும் அதனை உடைக்கவென்றே விதிக்கப்பட்ட ஒருவன் இருப்பான். உடைக்கும் முறை 'லௌஹ்' எனப்படும் பலகையில் எழுதப்பட்டிருக்கும். ஹோஷ்ருபாவுக்கு அவ்வாறு விதிக்கப்பட்டவன் ஹம்ஸாவின் பேரன் அஸத். தமிழில் மந்திரம் தொடர்பாக வழங்கும் 'கட்டு' என்னும் சொல் (வாய்க்கட்டு, எல்லைக்கட்டு, திக்குக்கட்டு போல) இக்கருத்துக்கு மிக நெருங்கியது. கட்டு என்றால் அவிழ்ப்பும் உண்டு என்பதைத் தமிழ் வாசகர் சொல்லாமலே உணர்வர்.

'ஹோஷ்ருபா' என்பது ஹோஷ் (உணர்வு, அறிவு), ருபா (கவர்வது) என்னும் இரண்டின் தொகை. பின்னுறுப்பு பாரசீகத்தில் 'பறித்தல்' எனப் பொருள்படும் வினையின் அடி. இதே அமைப்பில் துரும்பைக் கவர்வது 'கஹ்ருபா' (அம்பர் என்னும் மரப்பிசின்). இரும்பைக் கவர்வது 'ஆஹன்ருபா' (காந்தம்). நெஞ்சைக் கவர்வது 'தில்ருபா'. கடைசிச் சொல் ஓர் இசைக்கருவியின் பெயராகத் தமிழர்க்கும் அறிமுகமானதே. உருதுக் கேட்போர் இவ்வரிசையை அறிந்திருந்தமையால், ஹோஷ்ருபா என்ற அளவிலேயே காந்தம் இரும்பை இழுப்பதுபோல் அறிவை இழுத்துக்கொள்ளும் நிலம் என்னும் உருவகம் அவர்கள் மனத்தில் எழுந்திருக்கும். தமிழிற் பெயரை அப்படியே வைத்துக்கொள்பவர், முதல் அத்தியாயத்திலேனும் இவ்வுருவகத்தைக் கதைக்குள் கொண்டுவந்து சேர்த்தல் கடன்.

பேரரசின் நிலவமைப்பு மூன்று பகுதிகளைக் கொண்டது: ஜாஹிர், பாத்தின், ஜுல்மாத். முதலாவது கண்ணுக்குத் தோன்றுவது, இரண்டாவது மறைந்திருப்பது, மூன்றாவது இருள் சூழ்ந்தது. பேரரசன் அஃப்ராசியாப் இம்மூன்றனுள்ளும் தன் விருப்பம்போல் சென்று வருவான். முதலிரண்டையும் பிரிப்பது 'கூன்-இ-ரவான்' என்னும் குருதியாறு. அதன்மேல் புகையாலான பாலம். பாலத்தைக் காப்பவை புகையாலான இரு சிங்கங்கள். பாலத்தினின்று மூன்றடுக்குக் கோபுரம் ஒன்று எழுகிறது. கீழடுக்கில் மாயக் கன்னியர் ஊதுகொம்புகளை வாயில் வைத்தபடி நிற்கின்றனர். நடுவடுக்கிலுள்ளோர் ஆற்றிலுள்ள மீன்களுக்கு முத்துகளை எறிகின்றனர். மீன்கள் அவற்றை வாயிற் கவ்வித் திரிகின்றன. மேலடுக்கில் அபிசீனிய வீரர்கள் ஓயாது வாட்போர் புரிகின்றனர். அவர்கள் உடலினின்று வழியும் குருதியே ஆறாக ஓடுகிறது. நூலின் மிகச் சிறந்த வருணனைகளுள் இது ஒன்று. ஆற்றின் பெயருக்கு இவ்வாறு ஒரு பிறப்பிடமும் கதைக்குள்ளேயே காட்டப்படுவது கருதத்தக்கது.

இங்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் முதல் இடர் எழுத்துமுறை சார்ந்தது. நிலப்பகுதியைக் குறிக்கும் 'ஜாஹிர்' அரபி எழுத்தில் 'ஜோ' என்பதைக் கொண்டு தொடங்குவது. மந்திரக்காரனைக் குறிக்கும் 'ஸாஹிர்' 'ஸீன்' என்பதைக் கொண்டு தொடங்குவது. உருதுவில் எழுத்தும் ஒலியும் வேறு, பொருளும் வேறு. வடவெழுத்து நீக்கி எழுதும் மரபைப் பின்பற்றின் இரண்டும் 'சாகிர்' என ஒன்றாகிவிடும். சாகிர்கள் சாகிரில் வாழ்ந்தனர் என எழுதினால் வாசகர் என்ன கொள்வர்? கிரந்த எழுத்துகளைக் கையாண்டாலும் இடர் குறையுமேயன்றித் தீராது. மூலத்தின் முதலொலி தமிழ் ஜகரமும் அன்று, ஸகரமும் அன்று. ஒலிபெயர்ப்பே நம்பத்தக்க வழி என வாதிடுவோர் இவ்விணையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எனவே இரண்டனுள் ஒன்றையேனும் பொருள்பெயர்த்தல் தவிர்க்க முடியாதது. ஜாஹிர், பாத்தின் என்பவற்றுக்கு 'புறம்', 'அகம்' எனப் பெயரிடும் ஆசை தமிழறிந்தார் எவருக்கும் எழும். அதற்கு இணங்குதல் தவறு. அகம் என்றவுடன் ஐந்திணையும் புறம் என்றவுடன் போரும் கொடையும் வந்து நிற்கும் மொழியில், மந்திர அமைச்சர் உறையும் மறைநிலத்தை அகம் என்பது மூலத்தில் இல்லாத ஒரு கவிதையியலையே உள்ளே புகுத்துவதாகும். 'வெளிநாடு', 'உள்நாடு' எனவும் எழுத இயலாது. அவை அஞ்சலகத்துச் சொற்களாகிவிட்டன. 'தோன்றுநாடு', 'தோன்றாநாடு', 'இருள்நாடு' என்பன ஏற்கத்தக்கவை. இலக்கணத்தில் 'தோன்றா எழுவாய்' என வழங்குவதால், இல்லாமையன்று, இருந்தும் வெளிப்படாமையே இங்குக் குறிக்கப்படுகிறது என்பது தெளிவாகும். இவ்வாறு பெயர்ப்பதால் நேரும் இழப்பு ஒன்றையும் சுட்ட வேண்டும். ஜாஹிர், பாத்தின் இரண்டும் இறைவனின் திருப்பெயர்களாகக் குர்ஆனில் வருவன. சூபி மரபில் கலைச்சொற்களாக வழங்குவன. தன் நாட்டிற்கு இறைப்பெயர்களைச் சூட்டிக்கொண்ட மந்திரப் பேரரசன் என்னும் நுட்பமான எள்ளல் தமிழில் நின்றுபோகிறது. அதனை முன்னுரையில் சொல்லலாமேயன்றி வேறு வழியில்லை.

குருதியாற்றின் பெயரில் உள்ள சிக்கல் தொடரியல் சார்ந்தது. பாரசீக இயைபு முறையில் தலைச்சொல் முன்னே நிற்கும். அடை பின்னே தொடரும். அதனால் 'ஓடுகின்ற' என்பது குருதிக்கு அடையாகிறது என்பதில் ஐயமில்லை. தமிழில் 'ஓடும் குருதியாறு' என்றால் ஓடுவது குருதியா, ஆறா என்பது தெளிவுபடாது. ஆறு ஓடுவதில் என்ன வியப்பு? 'குருதி ஓடும் ஆறு' என மாற்றினால் ஐயம் நீங்கும். ஆனால் பெயர்த்தன்மை குறைந்து வருணனையாகிவிடும். 'செந்நீராறு' என்பது சிறப்புடையது. செந்நீர் என்பது குருதிக்குத் தமிழில் வழங்கும் பெயரே. சொல்லளவில் சிவந்த நீர் என்பதும் அதனுள் கிடக்கிறது. 'ரவான்' என்பதற்குப் பாரசீகத்தில் உயிர் என்னும் பொருளும் உண்டு. அச்சிலேடை மட்டும் எவ்வகையிலும் தமிழில் வாராது.

மாந்தர் பெயர்கள்

அஃப்ராசியாப் என்பது லக்னோவில் ஆக்கப்பட்ட பெயரன்று. ஷாஹ்நாமாவில் ஈரானியர்க்குப் பகைவனான தூரான் நாட்டரசன் பெயர் அது. மந்திரக்காரர் தெய்வமாகப் போற்றும் ஜம்ஷேதும் ஈரானியத் தொன்ம அரசனே. மற்றொரு தெய்வமான ஸாமிரி, பொற்கன்று செய்தவனாகக் குர்ஆனில் குறிக்கப்படுபவன். இத்தகைய மரபுப்பெயர்களைப் பெயர்க்காது ஒலியளவில் தமிழ்ப்படுத்துதலே முறை. இலக்குமணன் இலக்குவன் ஆனதும், சீறாப்புராணத்தில் அரபிப் பெயர்கள் தமிழ் ஒலியமைதி பெற்றதும் இதற்கு முன்மாதிரிகள். அவற்றில் பெயர்கள் வேற்றுமொழியினவாகவே நிற்க, நிலம் மட்டும் நெல்லும் ஆறும் உடைய தமிழ்நிலமாக மாறியது. ஹோஷ்ருபாவிலோ பெயர்கள் பாரசீகமாக நிற்க, உடையும் உணவும் தோட்டமும் பெண்டிர் பேச்சும் லக்னோவாக மாறின. இரு மரபுகளும் ஒரே வழியிற் சென்றவை என்பது கருதத்தக்கது.

ஆனால் மந்திரக்காரர் பெரும்பாலோரின் பெயர்கள் இவ்வகையின அல்ல. 'பஹார்' என்னும் மந்திரக்காரி போர்க்களத்தில் மலர்ச்செண்டை வீசுவாள். உடனே இளவேனில் தோன்றும். பகைவர் அவள்மேல் காதல் கொண்டு மதிமயங்குவர். பஹார் என்றாலே இளவேனில்தான். 'ரஅத்' என்றால் இடி. அவன் முழக்கத்தால் படை மயங்கி விழும். விழுந்தோரை அவன் தாய் 'பர்க்' மின்னலாக இறங்கிப் பிளப்பாள். பெயரும் செயலும் இவ்வளவு ஒன்றுபட்ட இடத்தில் 'பஹார்', 'ரஅத்' எனத் தமிழில் எழுதுவது வாசகர்க்குத் தெரியவேண்டியதை மறைப்பதாகும். இளவேனில், இடி, மின்னல் என எழுதுவதற்குத் தயங்க வேண்டியதில்லை. இளவேனில் தமிழ்ப் பெண்களுக்கு இடப்படும் பெயரே. அஃப்ராசியாபின் ஒற்றர் தலைவியாகிய 'ஸர்ஸர்' இன்னும் சுவையான சான்று. இச்சொல் கடுங்குளிர்க் காற்றைக் குறிப்பது. 'வாடை' எனப் பெயர்த்தால் பிரிந்தோர் துயர் வந்து புகுந்துவிடும். 'சூறை' என்றால் சுழன்றடிக்கும் காற்றும் வரும், கொள்ளையும் வரும். வேடமிட்டு எதிரிகளைக் கவர்ந்து செல்பவளுக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது. மூலத்தில் இல்லாத நயம் இது என மறுப்போர் இருக்கக்கூடும். வேறிடங்களில் இழந்ததை இங்கு ஈடுசெய்ததாகக் கொள்ளலாம்.

மந்திரக்காரர் பெயர்களின் இறுதியில் வரும் 'ஜாதூ' என்னும் சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட மிகுதியும் இடமுள்ளது. இன்றைய இந்தியிலும் உருதுவிலும் ஜாதூ என்றால் மந்திரம், மந்திரக்காரன் 'ஜாதூகர்'. இவ்வழக்கை அறிந்தவர் 'அஃப்ராசியாப் ஜாதூ' என்பதை 'அஃப்ராசியாப் மந்திரம்' எனக் கொண்டு குழம்புவர். பழைய பாரசீகச் செய்யுள் வழக்கில் ஜாதூ மந்திரக்காரனையே குறித்தது. அவெஸ்தாவின் 'யாது', வேதத்தின் 'யாது', 'யாதுதான' ஆகியவற்றோடு உறவுடைய சொல் அது. தாஸ்தான் இப்பழம்பொருளைப் பட்டப்பெயராகப் போற்றிக் காத்துள்ளது. செய்பவனிலிருந்து செயலுக்குப் பெயர்ந்த பொருள் மாற்றத்தின் முந்தைய நிலையை 19ஆம் நூற்றாண்டுப் பொழுதுபோக்கு நூல் ஒன்றில் காண்பது சொற்பொருளியலாளர்க்குப் பயன்தரும்.

ஹம்ஸாவின் பக்கத்தில் நின்று இப்பேரரசைக் குலைப்பவர்கள் 'அய்யார்கள்'. அரபியில் இச்சொல் நாடோடிப் போர்வீரரையும் நகரத்துக் கட்டுக்கடங்காக் குழுவினரையும் குறித்தது. 9ஆம் நூற்றாண்டில் சஃபாரி அரசை நிறுவிய யாகூப் ஓர் அய்யாராக வாழ்க்கையைத் தொடங்கியவர். தாஸ்தானில் அய்யார் என்பவன் வேடம், மயக்கமருந்து, கயிறு, நகைச்சுவை ஆகியவற்றால் மந்திரத்தை வெல்பவன். அவர்களுள் தலைவனான அமர் தன் 'ஸம்பீல்' என்னும் பைக்குள் மனிதரையும் பொருளையும் எல்லையின்றி இட்டு வைப்பவன்.

2009இல் ஹோஷ்ருபாவுக்கு இரு ஆங்கிலப் பெயர்ப்புகள் வந்தன. ஒன்று முஷர்ரஃப் அலி பாரூக்கி செய்த முதல் தொகுதியின் பெயர்ப்பு. மற்றொன்று ஷாஹ்னாஸ் அய்ஜாஸுத்தீன் செய்த சுருக்கம். முன்னவர் அய்யாருக்கு 'டிரிக்ஸ்டர்' என்னும் சொல்லைக் கையாண்டார். மானிடவியலில் அச்சொல் விதிகளை மீறும் தொன்மப் பாத்திரத்தைக் குறிக்கும். தலைவனுக்கு நன்றியுடைய, ஊதியம் பெறும், தொழில் ஒழுக்கம் உடைய அய்யாருக்கு அது முற்றும் பொருந்துவதில்லை. தமிழிலும் நிலைமை எளிதன்று. 'ஒற்றன்' என்றால் திருக்குறளின் 59ஆம் அதிகாரம் கூறும் அடக்கமான அரச ஊழியன் நினைவுக்கு வருவான். அய்யாரின் கூத்து அதில் இல்லை. 'எத்தன்' என்பதில் கூத்து உண்டு, மதிப்பு இல்லை. சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வதாயின் எதிர்பாராத இடர் ஒன்று குறுக்கிடுகிறது. 'அய்யார்' தமிழ்க் காதில் 'ஐயர்' என்றோ, 'ஐயா' என்பதன் உயர்வுப்பன்மை என்றோதான் விழும். ஈற்றிலுள்ள '-ஆர்' மரியாதை விகுதியாகத் தோன்றுவதால் ஒருமை வினை ஏற்காது. 'அய்யார் திருடினான்' என எழுதக் கை கூசும். இவற்றுள் 'எத்தன்' என்பதை மேற்கொண்டு, கதையின் போக்கில் அதற்கு மதிப்பு ஏறவிடுதலே நன்று. அமரின் பைக்குப் 'பொக்கணம்' பொருந்தும். அமுதசுரபி என்பாரும் உளர். ஆனால் அது வழங்குவது, இது விழுங்குவது.

சொற்களை மாற்றாமலே அவற்றின் உலகை மாற்றிய செயல் இந்தியில் நிகழ்ந்தது. தேவகி நந்தன் கத்ரி 1888ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய 'சந்திரகாந்தா' திலிஸ்மையும் அய்யாரையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் திலிஸ்ம் அங்குப் பொறிகளாலும் சுரங்கங்களாலும் ஆன புதையற்கட்டிடமாயிற்று. நௌகட், விஜய்கட், சுனார் எனக் கதை நிகழிடங்களும் மெய்யான ஊர்களாயின. மந்திரம் நீங்கியது, பேரரசும் நீங்கியது.

மக்களும் வழக்கங்களும்

ஹோஷ்ருபா மக்களைத் தமிழில் யாராகக் காட்டுவது என்பதே எல்லாவற்றினும் பொறுப்பு மிக்க வினா. அவர்கள் ஹம்ஸாவின் படையினர்க்கு 'காஃபிர்கள்'. மேலடுக்கில் வாட்போர் புரிபவர்களோ 'ஹப்ஷிகள்', அதாவது அபிசீனியர். தமிழில் ஆப்பிரிக்கரைக் குறிக்க வழங்கிய 'காப்பிரி' என்னும் இழிவழக்கு, காஃபிர் என்பதன் திரிபே. அச்சொல்லைக் கையாளும் மொழிபெயர்ப்பு சமயப் பகையையும் நிறப் பகையையும் ஒரே சொல்லில் முடிச்சிட்டுவிடும். மூலத்தில் அவை இரு வேறு சொற்கள். 'அபிசீனியர்' என்றே எழுதுவது வேண்டும்.

மந்திரக்காரர் சடங்குகளில் இந்திய நாட்டார் மந்திர வழக்குகள் பலவும் கலந்துள்ளன. மந்திரித்த உளுந்தை எறிதல் அவற்றுள் ஒன்று. ஆயினும் அவர்கள் வணங்கும் பெயர்கள் ஸாமிரி, ஜம்ஷேத் என்பன. அரசவை ஒழுங்கு நவாபுகளுடையது. மகளிர் உடையும் லக்னோவினது. அவர்களுட் பலர், பஹார் உட்பட, கதையின் இடையிலேயே அணி மாறி ஹம்ஸாவின் பக்கம் வந்து மந்திரத்தைத் துறக்காமலே போரிடுகின்றனர். இக்கலவையைத் தமிழில் பெயர்ப்பவர், ஒருபுறத்தார்க்கு 'பூசை', 'கோயில்', 'அர்ச்சனை' என்றும் மறுபுறத்தார்க்கு 'தொழுகை' என்றும் எந்திரம்போல் எழுதிச் செல்வாராயின், மூலத்தில் எங்கும் முற்றுப்பெறாத ஒரு பிளவு தமிழில் முற்றுப்பெற்றுவிடும். எவரும் அறியாமல், கலைச்சொல் தேர்வினாலேயே ஒரு விளையாட்டுக் கதை சமயப் போர்க்கதையாகிவிடும். 'வழிபாடு', 'வணக்கம்' போன்ற பொதுச்சொற்களை இருசாரார்க்கும் கையாளுதலே தகும். இது மூலத்தை மென்மைப்படுத்துவதன்று; மூலம் தெளிவாகப் பிரிக்காததைப் பிரிக்காதிருத்தலே ஆகும்.

உயிரினங்களுள் பெரும்பாலானவை செய்யப்பட்டவை. மந்திரப் பாவைகள் தூது செல்லும்; வானிலிருந்து இறங்கும் 'பஞ்ஜா' என்னும் கை, வீரர்களைப் பற்றித் தூக்கிச் செல்லும். பாம்புகளும் மயில்களும் ஊர்திகளாகும். மந்திரக்காரர் ஒருவர்மேல் ஒருவர் எறிவன 'நாரஞ்ச்', 'துரஞ்ச்' என்னும் கனிகள். நாரஞ்ச் என்பதன் வடமொழி வடிவமாகிய 'நாரங்க' திராவிடச் சொல்லினின்று பிறந்தது எனப் பல அறிஞர் கருதுவர். தமிழின் நாரத்தை அதன் உறவு. இச்சொல்லையேனும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தயக்கமின்றி 'நாரத்தை' என எழுதலாம். ஊறுகாய் நினைவுக்கு வருமே என்னும் அச்சம் வேண்டியதில்லை. லக்னோக் கேட்போர்க்கும் அது அடுப்பங்கரைப் பொருளாகவே இருந்தது.

மந்திரக்காரன் ஒருவன் கொல்லப்படும்போது நிகழ்வன மாறாத வாய்பாடாக வருகின்றன. இருள் சூழும், புயல் எழும், கல்லும் நெருப்பும் பொழியும், அழுகுரல் கேட்கும். பின்னர், தான் கொல்லப்பட்டதையும் தன் பெயர் இன்னது என்பதையும் ஒரு குரல் அறிவிக்கும். நூற்றுக்கணக்கான மந்திரக்காரர் இவ்வாறு மடியும்பொழுதுதான் கேட்போர் அவர்களிற் பலரது பெயரையே அறிகின்றனர். உருதுவில் அவ்வறிவிப்பு இறந்தகாலத் துணைவினையோடு முடிகிறது. பெயரும் இறந்துவிட்டது என்பது அவ்வினையால் உணர்த்தப்படுகிறது. தமிழிலோ 'என் பெயர் இன்னது' என்னும் பெயர்ப்பயனிலைத் தொடரில் வினையே இல்லை. வினையில்லாத இடத்தில் காலம் நிற்பதற்கும் இடமில்லை. 'என் பெயர் இன்னதாக இருந்தது' என்றால் பின்னர்ப் பெயரை மாற்றிக்கொண்டான் எனப் பொருள்படும். 'இன்னான் என அழைக்கப்பட்டேன்' என்பது காலத்தைக் காட்டும். ஆனால் செயப்பாட்டு வினை அக்குரலின் கடுமையைக் குறைக்கும். 'இன்னான் என்றொருவன் இருந்தேன்' என்பதே ஒருவாறு நெருங்கி வருவது. படர்க்கைப் பெயரும் தன்மை வினையும் முரணி நிற்கும் அத்தொடர் இலக்கணத்திற்குச் சற்றே புறம்பானது எனினும், பேசுபவன் அப்போது உயிரோடு இல்லை.